ஆச்சிக்கு வாங்கிய போன்

சென்ற மாரியில், இரணைமடுக் குளம் நிரம்பி வாய்க்கால்கள் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவு, மணி பத்தரை ஆகியிருக்கும். கிளிநொச்சி மாவட்டத்து உருத்திரபுரத்தில் எங்கள் வளவுக்கு நாலு வீடு தள்ளி, பிள்ளைகள் எல்லோரும் அந்நிய தேசங்களுக்குப் போய்விட, கணவரோடு தனித்து வாழும் எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒருவர், ஒரு கையில் மங்கலாய் எரியும் ரோச் லைற்றும் மறு கையில் ஊன்றுகோலுமாக, கணுக்கால் புதையும் சேற்றொழுங்கையைக் கடந்து வந்து எங்கள் படலையைத் தட்டினார். “தம்பி, அவருக்கு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கு, ஒருக்கா ஓடி வாங்கோ” என்பதற்கு மேல் அவரால் ஒரு வார்த்தையும் சொல்ல முடியவில்லை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது, பெரியவர் நாலு நாள் வைத்தியசாலையில் இருந்து பிழைத்து வீடு திரும்பினார்.

மறுநாள் அவருக்கு மாற்றுடுப்பு எடுத்துக்கொண்டு போவதற்காக அந்த வீட்டுக்குச் சென்றபோதுதான், அலுமாரியின் மேல்தட்டில், மடித்து வைத்த சீலைகளுக்கு அடியில், பெட்டியோடு பத்திரப்படுத்தப்பட்டிருந்த ஒரு கைத்தொலைபேசியைக் கண்டேன். ரொறன்ரோவில் இருக்கும் மகள், முந்திய வருஷம் ஊருக்கு வந்த உறவினர் ஒருவரிடம் காசு கொடுத்தனுப்பி வாங்குவித்த பட்டன் போன் அது. சிம் உள்ளே இருந்தது. பற்றறிதான் உயிரற்றுக் கிடந்தது. “ஏன் ஆச்சி, உதிலை ஒரு கோல் எடுத்திருக்கலாமே?” என்று கேட்டேன். “உது எனக்கு விளங்காது தம்பி. எதையாவது அமத்திப் பழுதாப் போச்செண்டால் பிள்ளைக்கு என்ன சொல்லுறது? அவள் வரேக்க காட்டித் தருவாள் எண்டு பத்திரமா வைச்சிருக்கிறன்” என்றார். அந்தப் போனின் தலைப்பக்கத்தில் நல்ல வெளிச்சம் தரும் ஒரு ரோச் லைற்றும் இருந்தது என்பதை, அன்றுவரை ஒருவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

பனியில் வேலைக்குப் போய் மிச்சம்பிடித்த காசில் தாய்க்கென்று அதை வாங்குவித்த மகளிடத்தில் நான் குற்றம் காணமாட்டேன். ஆயினும், ஒரு முதியவருக்குக் கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தல் என்னும் கருமம் கடையில் காசு எண்ணிக் கொடுத்த கணத்தில் பூர்த்தியாகிவிடுவதில்லை என்பதையும், அவர் அருகில் ஒரு மணித்தியாலமேனும் உட்கார்ந்து, அவர் பெயரிலே பதிந்து, அவர் பாஷையிலே அமைத்து, அவருடைய கண்ணுக்கும் விரலுக்கும் காதுக்கும் ஏற்ற விதமாகச் சீர்செய்து, அவரே தம் கையால் மூன்று தரமாவது ஒரு கோல் எடுத்துக் கதைத்து முடிக்கும்வரை அது வெறும் பெட்டிச் சாமானே என்பதையும் இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் முன் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பகுதிக்கு இந்தச் சாதனம் வந்துசேர்ந்த விதம் மற்ற ஊர்களைப் போன்றதன்று. நியூயோர்க் நகரத்து வீதியில் நின்றபடி மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் கையில் பிடித்த தொலைபேசியால் முதன்முதலாகப் பேசியது 1973 ஏப்ரல் 3ஆம் திகதி. தென்னாசியாவிலேயே முதலாவது கைத்தொலைபேசிச் சேவை 1989இல் கொழும்பிலேதான் ஆரம்பமாயிற்று. இந்தியாவில் அது தொடங்க மேலும் ஆறு வருஷம் சென்றது. ஆனால், கொழும்பிலே அது செல்வர்களின் அலங்காரமாக இருந்து படிப்படியாகச் சாமானியர்களின் சௌகரியமாக மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், வன்னியிலிருந்த நாங்கள் ஆள்மூலம் அனுப்பும் துண்டுக் கடிதத்தையும் செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவத்தையும் நம்பி உறவைக் காத்துக்கொண்டிருந்தோம். 2009இல் யுத்தம் ஓய்ந்து, முகாம்களிலிருந்து மக்கள் தறப்பாளோடும் தகரத்தோடும் மீளக்குடியேறிய பின்னரே, கோபுரங்கள் எழுந்து, கைத்தொலைபேசி இவ்வூரில் ஒரு வீட்டுச் சாமானாயிற்று. ஆகவே, மற்ற இடங்களில் கம்பித் தொலைபேசியிலே பழகி, அதன்பின் கைத்தொலைபேசிக்கு மாறிய ஒரு தலைமுறை இருக்க, எங்கள் முதியோர் பலர் தொலைபேசி என்னும் பொருளையே அறுபது வயதுக்குப் பின்னர்தான் கையால் தொட்டார்கள். அவர்களுடைய தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. இரணைமடு நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறி, தண்ணீர் முறையையும் மண்ணின் குணத்தையும் கைரேகைபோல் அறிந்திருக்கும் மனிதர்கள் அவர்கள். கற்றுக்கொடுக்கப்படாத ஒன்றைத்தான் அவர்கள் கற்கவில்லை.

“இந்தக் காலத்தில் பட்டன் போன் எதற்கு? ஒரு ரச் போனை வாங்கிக் கொடுத்தால் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசலாமே” என்று கேட்பவர்கள் உண்டு. முகம் பார்த்துப் பேசும் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. வசதியுள்ளவர்கள் அதையும் வாங்கிக் கொடுக்கட்டும். ஆனால், நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து, 2022 மார்ச் மாத முடிவில் ஒரே நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்ட காலத்தையும், 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி மாவட்டத்தின் கிராமங்கள் வெள்ளத்தில் நின்ற நாட்களையும் அனுபவித்தவர்களுக்கு, ஒரு முறை சார்ஜ் செய்தால் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும் ஒரு போனின் பெறுமதி என்னவென்று விளக்கவேண்டியதில்லை. 2003இல் நோக்கியா நிறுவனம் வெளியிட்ட 1100 என்ற மாதிரி இருபத்தைந்து கோடிக்கும் மேல் விற்று, உலகில் அதிகம் விற்பனையான கைத்தொலைபேசி என்று பெயர் பெற்றது. அதிலே புகைப்படக் கருவியும் இல்லை, வர்ணத் திரையும் இல்லை. தூசி புகாத விசைப்பலகையும், ஈரக் கையில் வழுக்காத பின்புறமும், ஒரு ரோச் லைற்றுமே இருந்தன. வயலிலும் மண்வீதியிலும் வாழும் ஏழை நாடுகளின் மக்களை மனத்தில் வைத்து அமைத்த பொருள் அது. உழைத்துக் காய்த்த விரல் கண்ணாடித் திரையில் பட்டும் படாமலும் நழுவிப்போக, பட்டனோ அமத்தினால் அமத்தியதாக விரலுக்கே பதில் சொல்கிறது. கண் மங்கியவருக்கு இது சிறிய உபகாரமன்று. நடுவிலுள்ள 5 என்ற பட்டனில் ஒரு சிறு மேடு இருப்பதைத் தடவிப் பார்த்தாலே மற்ற இலக்கங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணித்துக்கொள்ளலாம். ஆச்சிக்கு நான் முதலில் காட்டிக் கொடுத்தது அந்த மேட்டைத்தான்.

இனி, அமைக்கும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில், பிழைகள் எல்லாம் தொடக்கத்திலேயே நேர்ந்துவிடுகின்றன. சிம் யாருடைய பெயரில் இருக்கிறது என்பதே பிரதானமான கேள்வி. வாங்கிக் கொடுக்கும் மருமகன் தன் அடையாள அட்டையைக் காட்டி எடுத்துவிடுகிறார்; சில சமயம் பழைய சிம் ஒன்றையே யாரோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சிம் பழுதாகும்போதோ, போன் தொலைந்து அதே இலக்கத்தை மீளப் பெறவேண்டி வரும்போதோ, உரியவர் சுவிஸிலோ இலண்டனிலோ இருக்க, இங்கிருப்பவர் வெறுங்கையோடு திரும்பவேண்டியதாகிறது. மறுபக்கம், எம் பெயரில் பதிவான சிம்மை இன்னொருவர் பாவித்துக் குற்றம் செய்தால், பொலிஸார் முதலில் வந்து தட்டுவது எம் படலையைத்தான். எனவே, பாவிப்பவர் தம்முடைய தேசிய அடையாள அட்டையோடு தாமே சேவை நிலையத்துக்குப் போய், தம் பெயரிலேயே பதிந்து, ஏற்கெனவே தம் பெயரில் வேறு சிம்கள் இருக்கின்றனவா என்றும் அங்கேயே விசாரித்துக்கொள்ளவேண்டும். நடக்க ஏலாதவரை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் செலவு வீண்செலவாகாது.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அமத்தினால், எந்தப் போனிலும் பதினைந்து இலக்கங்கள் கொண்ட ஓர் எண் திரையில் தோன்றும். பற்றறியைக் கழற்றினால் அதன் அடியிலும் அதுவே அச்சிடப்பட்டிருக்கும். ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் அந்த எண் அப்போனின் பிறப்பத்தாட்சி போன்றது. வாங்குமுன் ஐ.எம்.ஈ.ஐ. என்பதற்குரிய நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, இடைவெளி விட்டு, இந்தப் பதினைந்து இலக்கங்களையும் சேர்த்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்தக் கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவில் பதியப்பட்டதா இல்லையா என்று பதில் வரும். பதிவில்லாத கருவிகளுக்கு 2025 ஜனவரி 28 முதல் இணைப்பு வழங்கப்படாது என்று அந்த ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன் பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் வைத்துப் போன் கொண்டுவரும் உறவினர்கள் இதைக் கவனிப்பது அவசியம். அந்த எண்ணை ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருந்தால், களவு போனபின் பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது அது கைகொடுக்கும்.

சிம்முக்கென ஒரு இரகசிய இலக்கம் இருக்கிறது. அதை மூன்று முறை பிழையாக அடித்தால் சிம் பூட்டிக்கொள்ளும். திறப்பதற்கு எட்டு இலக்கங்கள் கொண்ட வேறொரு குறியீடு வேண்டும். அதையும் பத்து முறை பிழைவிட்டால் அந்தச் சிம் மீளவே மீளாது. சிம் ஒட்டி வந்த பிளாஸ்ரிக் அட்டையில் அக்குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். நாங்களோ அட்டையைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். அந்த அட்டையைக் காணி உறுதியோடும் வங்கிப் புத்தகத்தோடும் சேர்த்து வைக்கச் சொல்வேன். ஆனால், முதியவர்களின் போனில் இந்த இரகசிய இலக்கப் பூட்டைப் போடுவதா வேண்டாமா என்பதில் என் அபிப்பிராயம் வேறு. வங்கிக் கணக்கோடு இணைந்த இலக்கமானால் போடத்தான் வேண்டும். வைத்தியருக்கும் பிள்ளைக்கும் மாத்திரம் கதைக்கும் ஒரு ஆச்சிக்கு, நெஞ்சு நோகும் வேளையில் நாலு இலக்கத்தை ஞாபகப்படுத்தச் சொல்வது கொடுமை. பட்டன்கள் தாமாக அமத்துப்படாமல் இருக்கச் செய்யும் சாதாரண விசைப்பூட்டே அவருக்குப் போதும்.

பாஷையை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. அதையே பெரும்பாலானோர் செய்வதில்லை. தமிழில் பட்டியல் காட்டக்கூடிய பட்டன் போன்கள் பல இருக்கின்றன. வாங்கும்போதே கேட்டு வாங்கவேண்டும். ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரிந்த பேரனுக்கு ஆங்கிலப் பட்டியல் சௌகரியமாக இருப்பதால், வாழ்நாள் முழுவதும் தமிழ்ப் பத்திரிகை வாசித்த பாட்டனார் தம் சொந்தப் போனுக்கு முன்னால் எழுத்தறியாதவராகிவிடுகிறார். குறுஞ்செய்தியில் தமிழுக்கு ஒரு நஷ்டம் இருப்பதும் உண்மைதான். ஆங்கில எழுத்தில் ஒரு செய்திக்கு 160 இடங்கள் இருக்க, தமிழ் எழுதினால் 70 இடங்களே கிடைக்கும். அதிலும் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு இடம் பிடிக்கும். நாம் எட்டு எழுத்தாக எண்ணும் ‘உருத்திரபுரம்’ என்ற பெயர் போனின் கணக்கில் பதின்மூன்று. இரண்டு செய்திக் காசு ஆனாலும் ஆகட்டும், விளங்கும் பாஷையில் எழுதுவதே மேல் என்பது என் துணிபு.

பெயர்களைப் பதியும்போது, நாம் அறிந்த பெயரையன்றி அவர் கூப்பிடும் பெயரையே பதியவேண்டும். ‘மூத்தவள் கனடா’, ‘பெட்டிக்கடைத் தம்பி’, ‘விதானையார்’, ‘ஓட்டோ’ என்றிருந்தால் மணி அடிக்கும்போதே யார் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்களின் இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு சேர்த்துப் பதியாவிட்டால், மகளின் அழைப்பும் அந்நியரின் அழைப்பும் ஒன்றுபோலவே தோன்றும். 2ஆம் பட்டனை நீள அமத்தினால் மகளுக்கு, 3ஆம் பட்டனை அமத்தினால் அயலவருக்கு என்று குறுக்குவழி அமைத்துவிடலாம். இவ்வளவையும் செய்தபின், அதே இலக்கங்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சுவரிலே ஒட்டாமல் வீட்டைவிட்டு வெளியேறக்கூடாது. போன் தண்ணீரில் விழுந்தாலும் தாள் இருக்கும்.

அந்தத் தாளில் எழுதவேண்டிய முதல் இலக்கம் 1990. 2016இல் இந்திய அரசின் நன்கொடையோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசரிய அம்புலன்ஸ் சேவை, 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த வைபவத்தோடு வடக்குக்கும் வந்தது. அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்பார்களோ என்று பயந்து, முச்சக்கர வண்டி தேடி நேரத்தை இழந்த குடும்பங்களை நான் அறிவேன். பொலிஸின் அவசர இலக்கம் 119. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. மாரியில் அதற்கு வேலை அதிகம்.

இலக்கத்தைச் சுழற்றினால் மாத்திரம் வண்டி வந்துவிடாது. எதிர்முனையில் இருப்பவர் ‘எந்த இடம்?’ என்று கேட்பார். ரச் போன் என்றால் இடத்தை வரைபடத்தில் காட்டிவிடலாம். பட்டன் போனில் வாயால்தான் சொல்லவேண்டும். எங்கள் ஊரிலோ வீட்டுக்கு இலக்கம் சொல்லி ஒருவரும் வழி கண்டுபிடிப்பதில்லை. எத்தனையாம் வாய்க்கால், வாய்க்காலுக்கு எந்தக் கரை, சிவன் கோயிலிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, வாசலில் நிற்பது வேம்பா இலுப்பையா என்பதுதான் விலாசம். பதற்றத்தில் அது வாயில் வராது. அன்றிரவு எனக்கே இருமுறை குழறியது. ஆகையால், ‘கிளிநொச்சியிலிருந்து வந்தால் இப்படி’ என்று தொடங்கும் நாலு வரியை எழுதி, இலக்கங்களுக்குக் கீழே ஒட்டி, அதை ஒருமுறை உரத்து வாசிக்கச் செய்து கேளுங்கள். போனை அமைப்பதில் இதைவிட முக்கியமான காரியம் வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

இனி ஆபத்துகள். இணையம் இல்லாத போனில் மோசடி வராது என்று எண்ணுவது பெரும் தவறு. மோசடிக்கு வேண்டியது ஒரு குரலும் ஒரு காதும்தான். “உங்களுடைய இலக்கத்துக்குப் பெரிய பரிசு விழுந்திருக்கு, வரிக்காசை மட்டும் இந்தக் கணக்கில் போடுங்கோ” என்று வரும் அழைப்பு பழையது. ஆனாலும் இன்றும் ஆள் பிடிக்கிறது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, “இப்போ ஒரு இலக்கம் வரும், அதை வாசியுங்கோ” என்று கேட்பது அதைவிடக் கொடியது. அந்த இலக்கம் உங்கள் பணப்பெட்டியின் திறப்பு. எந்த வங்கியும், எந்த அரச அலுவலகமும், எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தொலைபேசியில் கேட்பதில்லை. ஒரே ஒரு முறை மணி அடித்து நின்றுவிடும் வெளிநாட்டு அழைப்புக்குத் திருப்பி எடுத்தால் காசு கரைந்துபோகும். யப்பானியர் இதற்கு வைத்த ‘வன்கிரி’ என்ற பெயருக்கு, ஒன்று அடித்துத் துண்டித்தல் என்பதே அர்த்தம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளுக்கு இது தனியான கண்ணி. ஏனெனில், தெரியாத நீண்ட இலக்கத்தைக் கண்டவுடன் ‘பிள்ளைக்கு என்னவோ’ என்று தாயின் மனம் பதறிவிடும். இலக்கம் +94 என்று தொடங்காமல், பதிந்த பெயரும் காட்டாமல் வந்தால் திருப்பி எடுக்கவேண்டாம். பிள்ளையாக இருந்தால் மீண்டும் எடுக்கும்.

சொல்லவே மனம் கூசும் இன்னொரு மோசடியும் உண்டு. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடித் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய போராட்டத்தை அறியாத தமிழர் இருக்கமாட்டார்கள். அத்தகைய தாய்மாரைத் தொலைபேசியில் அழைத்து, “உங்கட மகன் இன்ன இடத்தில் இருக்கிறார், காசு தந்தால் கதைக்க விடலாம்” என்று சொல்லிக் கறப்பவர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். கேட்கும் குரலுக்கு மகனின் பெயரும், காணாமற்போன இடமும், நாளும் தெரிந்திருக்கும். அவை பத்திரிகையிலும் பதாகையிலும் வெளிவந்த விபரங்களே என்பது அந்தக் கணத்தில் தாய்க்கு ஞாபகம் வராது. அயலவர்களாகிய நாங்கள் இதை அவர்களிடம் முன்கூட்டியே, மெதுவாக, அவர்களுடைய நம்பிக்கையைப் புண்படுத்தாமல் சொல்லிவைக்கவேண்டும்: அப்படியொரு அழைப்பு வந்தால் ஒரு சதமும் கொடுக்காமல், வந்த இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, நம்பிக்கையான ஒருவரை உடன் அழைத்துப் பொலிஸிலும் காணாமல் போனோர் அலுவலகத்திலும் தெரிவிக்கவேண்டும் என்று.

இளம் பெண்களுக்கு நேரும் தொந்தரவு வேறு வகை. ரீலோட் செய்வதற்காகக் கடையில் இலக்கத்தை உரத்துச் சொல்லும்போது, அருகில் நிற்பவன் குறித்துக்கொள்கிறான். இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளிலிருந்து பெண்களின் இலக்கங்கள் 50 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை விலைக்கு விற்கப்பட்டன என்ற செய்தி 2017இல் அங்குள்ள பத்திரிகைகளில் வந்தது. சுரண்டிப் பாவிக்கும் காட்டை வாங்கினால் இலக்கத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டியதில்லை. தொந்தரவு தொடர்ந்தால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இலக்கத்தை மாற்றிக்கொண்டு ஒதுங்குமாறு பெண்ணுக்குப் புத்தி சொல்வோர் பலர். குற்றம் செய்தவனின் இலக்கமே முறைப்பாட்டில் எழுதப்படவேண்டும் என்று சொல்வோர் சிலரே. நான் அந்தச் சிலரோடு நிற்கிறேன்.

இலக்கத்தை மாற்றுவதிலும், ரீலோட் போடாமல் விட்டுவிடுவதிலும் வேறோர் அபாயம் இருக்கிறது. நீண்ட காலம் பாவிக்காத இலக்கம் துண்டிக்கப்பட்டு, காலப்போக்கில் வேறொருவருக்கு வழங்கப்படும். அப்போது உங்கள் கணக்கைப் பற்றிய வங்கிச் செய்திகள் முன்பின் அறியாத ஒருவரின் கையில் போய் விழும். ஆகவே, இலக்கம் மாறினால் வங்கிக்கும் பிரதேச செயலகத்துக்கும் கிளினிக்குக்கும் அறிவித்தல் வேண்டும்.

சார்ஜ் செய்வதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடிமின்னல் மிகுதி. அப்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடவேண்டும், சுவரில் மாட்டியபடி போனைக் காதில் வைக்கக்கூடாது. பற்றறி வீங்கி மூடி உயர்ந்திருந்தால் அதை அன்றே மாற்றவேண்டும். தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் செய்வது ஒருபோதும் ஆகாது.

குடும்பங்கள் செய்யவேண்டியதைச் சொன்னேன். அரசும் கம்பனிகளும் செய்யவேண்டியதையும் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1987இல் செய்யப்பட்ட பதின்மூன்றாவது திருத்தத்தின்மூலம் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. அப்படியிருக்க, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு விதவையின் போனுக்கு, அவருடைய சேமிப்பிலிருந்து காசு எடுக்கப்பட்டது என்ற செய்தி ஆங்கிலத்தில் வருவதால் பிரயோஜனம் என்ன? அவர் அந்தச் செய்தியை ஏந்திக்கொண்டு அயல்வீட்டுப் பிள்ளையிடம் ஓடவேண்டியிருக்கிறது. தம்முடைய இருப்பு எவ்வளவு என்பதை ஊருக்குச் சொல்லாமல் அவரால் அறியமுடிவதில்லை. கணக்குத் திறக்கும் அன்றே ‘எந்த மொழியில் செய்தி வேண்டும்?’ என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்ப்பதற்கு எந்த வங்கிக்கும் பெருஞ்செலவு ஆகிவிடாது. போன் விற்கும் கடைகளும், விற்றபின் மொழியை மாற்றி, நான்கு இலக்கங்களைப் பதிந்து, ஒரு கோல் எடுக்கப் பழக்கி அனுப்புவதை விற்பனையின் ஒரு பகுதியாகக் கொள்ளவேண்டும். கிராமங்களில் முதியோர் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதந்தோறும் கூடுகின்றன. பாடசாலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் பத்துப்பேரை அக்கூட்டங்களுக்கு அழைத்து, ஒருவருக்கு ஒருவராக உட்கார வைத்தால், ஒரு பிற்பகலில் ஒரு கிராமத்தின் போன்களெல்லாம் தமிழ் பேசத் தொடங்கிவிடும். கற்பிக்கும் பிள்ளைகளுக்கு ஒரேயொரு விதி போதும்: போனைத் தங்கள் கையில் வாங்காமல், முதியவரின் விரலே பட்டனை அமத்தவேண்டும் என்பது. அவசரப்பட்டுப் பறித்து, “இங்க பாருங்கோ, இப்படித்தான்” என்று கடகடவென அமத்திக் காட்டும் பிள்ளையிடமிருந்து ஒரு பெரியவரும் எதையும் கற்றதில்லை.

ஆச்சியோடு நான் உட்கார்ந்தது மூன்று பின்னேரங்கள். முதல் நாள் போனைத் திறப்பதும் பூட்டுவதும் ரோச் லைற்றும் மாத்திரம். இரண்டாம் நாள் எங்கள் வீட்டுக்கு அழைப்பது. ஒன்பது தரம் அழைத்தார், ஒன்பது தரமும் என் மனைவி எடுத்துக் கதைத்தாள். மூன்றாம் நாள் காலை, ரொறன்ரோவில் முன்னிரவாக இருந்த வேளையில், மகளின் அழைப்பைத் தாமே பட்டன் அமத்தி ஏற்று, “ஓம் பிள்ளை, நான்தான் எடுத்தனான், ஒருத்தரும் இல்லை, நான்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இவ்வருஷத் திருவிழாவுக்கு ஊருக்கு வரவிருக்கும் பிள்ளைகளே, உங்கள் தாய் தந்தையரின் அலுமாரியைத் திறந்து பாருங்கள். சீலைகளுக்கு அடியில் பெட்டி ஏதும் இருந்தால், அதை வெளியே எடுத்து, அவர்கள் அருகில் பாயை விரித்து உட்காருங்கள்.